பை வைக்கும் இடம்

"வரலைன்னா வரலைதாம்மா, மிஷின் என்ன எனக்கு மச்சானா, நான் சொன்னபடி எல்லாம்—"

"வராம எங்க சார் போவா? ஊரு எந்திரிக்கறதுக்கு முன்னாடி கிளம்பறவ, என் கையாலதானே சாப்பாட்டு டப்பாவைக் கட்டி—"

"டப்பா கட்டினீங்க, யாரு இல்லைன்னா? அந்த டப்பா இங்க வந்து சேர்ந்துச்சான்னுதான்—"

"டப்பா தனியாக் கால் முளைச்சு நடந்து வருமா சார்?"

"அதையேதாம்மா நானும் கேக்கறேன்!"

இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியது. கல்லூரி அலுவலகத்துக் கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளேயிருந்து எழுத்தரும் வெளியேயிருந்து அக்காவும் அந்த ஒரே ஓட்டைக்குள் தங்கள் தங்கள் நியாயத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை யாரைப் பற்றியதோ, அவள் அக்காவின் முழங்கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். அக்கா புருஷன் வைத்த பெயர். "இவ எப்ப உள்ள வர்றா, எப்ப வெளிய போறா, ஒண்ணும் தெரியலையே! பூனையாப் பொறக்க வேண்டியவ, கை தவறிப் பொண்ணாப் பொறந்துட்டா" என்று ஒரு நாள் சொன்னான். அம்மா போன பிறகு அக்கா வீடுதான் அவளுக்கு வீடு என்று ஆனதால், பெயரும் அந்த வீட்டுப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

மாமா ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். கடைகள் திறப்பதற்குள் ரொட்டி போய்ச் சேர வேண்டும். அதனால் பொழுது புலரும்போதே வேன் கிளம்பிவிடும். பஸ் செலவு மிச்சம் என்று பூனையும் அதில் ஏறிக்கொள்வாள். முன்சீட்டில் உதவியாள் உட்காருவதால் அவளுக்குப் பின்னால், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் இடம். ஒரு நாள் மாமா போனில் பேசிக்கொண்டே கல்லூரியைத் தாண்டிப் போய்விட்டான். ஏதோ ஒரு கடை வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து தட்டை இழுத்தால் தட்டுக்குப் பின்னால் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள்.

"அடிப்பாவி, இறங்கலையா நீ? தட்டிக் கூப்பிடறதுக்கென்ன?"

"போன்ல பேசிட்டிருந்தீங்க மாமா."

அன்றைக்கு முழுக்க மாமா எல்லாக் கடையிலும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பூனையும் சிரித்தாள். சிரிக்கக்கூடிய கதைதான் அது.

இப்போது எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மனப்பாடமாகிப்போன ராகத்தில் ஆரம்பித்தார். "நல்லாக் கேட்டுக்கங்கம்மா. உதவித்தொகை சும்மா வர்றதில்ல. பருவத்துல முக்கால்வாசி நாள் வகுப்புல இருக்கணும், அது முதல் விதி. இருந்தாங்களா இல்லையான்னு மிஷின்தான் சொல்லும், மனுஷங்க இல்ல, அது ரெண்டாவது. ஒரு பருவம் குறைஞ்சாலும் உதவி நின்னுபோகும், படிப்பு முடியற வரைக்கும் மறுபடி வராது. அது மூணாவது. உங்க தங்கச்சி கல்லூரியில சேர்ந்த நாள்லேருந்து மிஷின் கணக்குப்படி ஒரு நாள்கூட வரலை."

"ஒரு நாள்கூடவா! அப்ப பரீட்சை எழுதினது யாரு, இவ ஆவியா?"

"பரீட்சைக்கு வந்தது பரீட்சைக் கணக்கு. வகுப்புக் கணக்கு வேற."

"பாடம் நடத்தற வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"கேட்டேனே! அந்தக் கூடத்துல மைக் வச்சுப் பாடம் நடத்தறாரும்மா. முன்வரிசைக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாம் தலை மட்டும்தான்யா தெரியுது, முகம் தெரியலைன்னு கையை விரிச்சிட்டாரு."

"நான் தினமும் வாசல் மிஷின்ல அட்டையை வச்சேன்" என்றாள் பூனை.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையிலிருந்த நாற்காலி வாயைத் திறந்தது போல.

"எப்பம்மா வச்சே?" என்றார் எழுத்தர்.

"மாமா இறக்கிவிட்டதும். யாரும் வர்றதுக்கு முன்னாடி."

"வச்சதும் கீங்னு சத்தம் வந்துச்சா?"

"இல்ல."

"பச்சை விளக்கு எரிஞ்சுதா?"

"இல்ல."

எழுத்தர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, முதல் மணி அடிக்கும்போதுதானே அதுக்குக் கரண்டே குடுப்போம்! அதுவரைக்கும் அது சுவத்துல ஒட்டின வெறும் டப்பா. லேட்டா வர்ற தறுதலை எல்லாம் கணக்குல ஏறிட்டான், முதல் ஆளா வந்தவ ஏறலை. கொடுமை! மத்தவங்க வைக்கும்போது சத்தம் வருதே, நமக்கு வரலையேன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

பூனை தலையைக் குனிந்துகொண்டாள். தோன்றாமல் இல்லை. வகுப்புக்குள் உட்கார்ந்து, வாசலில் ஒவ்வொருவருக்கும் கீங், கீங் என்று அது கூவுவதைத் தினமும் கேட்டிருக்கிறாள். எல்லாரையும் கூப்பிடுகிறது, நம்மைக் கூப்பிடவில்லை. அதில் அவளுக்கு அதிசயமாக எதுவும் படவில்லை. பெரிய கடைகளில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவுகூட அவள் போய் நின்றால் யோசிக்கும். பின்னால் வேறு யாராவது வந்தால்தான் திறக்கும்.

கேட்டதற்கு இதைச் சொல்ல முடியுமா?

எழுத்தருக்கும் மனசு இளகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "மிஷின் தப்புன்னா அதுக்கும் ஒரு வழி விட்டிருக்கு. ஒரே வகுப்புல படிக்கிற ரெண்டு பேர் இங்க நேர்ல வரணும். ஆமா, இவ எங்ககூட இருந்தா, நாங்க பாத்தோம்னு என் முன்னாடி வாயால சொல்லணும். கையெழுத்து வாங்கிட்டு வந்து நீட்டாதே. அடுத்தவன் கையெழுத்துப் போடறதுல எங்க பசங்க மகா கெட்டிக்காரங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வா. அதுக்கப்புறம் மேலிடத்துக்குப் போயிடும், என் கையில இல்ல. ரெண்டே பேர். உனக்கு ரெண்டு ஃப்ரெண்டு இல்லாமயா இருப்பாங்க?"

"ஏன் இல்லாம?" அக்கா முந்திக்கொண்டாள். "வீட்டுக்கு வந்தா இவ வாயில அவங்க கதைதான் சார். நெட்டை இப்படிச் சொன்னா, அதுக்குச் சிரிப்புக்காரி அப்படிச் சொன்னான்னு. நானும் இஸ்திரி போட்டுக்கிட்டே கேப்பேன். ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாடின்னா, கூட்டிட்டு வர்றேன் கூட்டிட்டு வர்றேன்னு தள்ளிக்கிட்டே போறா. நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்க பாருங்க!"

பூனை அக்காவின் முழங்கைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "பயந்தே போயிட்டேன்டி. மாமா காதுக்கு இது போச்சுன்னா அவ்வளவுதான். ரொட்டிக் கம்பெனியில பாக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்க, பூனையை அனுப்புன்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்காரு. உதவித்தொகை வருதே, வருதேன்னு சொல்லித்தான் அவர் வாயை அடைச்சு வச்சிருக்கேன். அது நின்னா என்கிட்ட வேற பதில் இல்ல, தெரிஞ்சுக்கோ."

"சரிக்கா."

"உன் சிநேகிதிங்க நல்ல பொண்ணுங்க. சொன்னா வருவாங்க."

"சரிக்கா."

அக்கா சலவைக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பாக்கிங் கூடத்தைப் பூனை பார்த்திருக்கிறாள். ஒரு முறை மாமாவுக்குச் சாவி கொண்டுபோய்க் கொடுத்தபோது. ரொட்டி ஒரு பக்கம் வரிசையாக வந்துகொண்டே இருந்தது, மறுபக்கம் உறைக்குள் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் பெண்கள். எல்லார் காதிலும் பஞ்சு. இயந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. வேலைக்கு அவள் பயப்படவில்லை. நின்றுகொண்டே இருக்க அவளால் முடியும். ஆனால் காலை முதல் மாலை வரை ஒரு மனிதக் குரல் காதில் விழாமல் இருப்பது எப்படி? பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். கேட்காமல் இருந்து பழக்கமில்லை.

மறுநாள் காலை கூடத்தில் அவள் தன் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஜன்னலோரம், பெஞ்சின் கடைசி. அதே பெஞ்சில்தான் அவர்கள் இருவரும் உட்காருவார்கள். நெட்டை நடுவில், சிரிப்புக்காரி அந்தப் பக்கம். அவர்களுடைய நிஜப் பெயர் பூனைக்குத் தெரியும். ஆனாலும் அவள் மனசுக்குள் நெட்டையும் சிரிப்புக்காரியும்தான். செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

வாசலில் கீங் என்றது. மறுபடி கீங். இருவரும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். நெட்டை வழக்கம்போல் தன் பையை ஓரத்துக்குத் தள்ளினாள். வழக்கம்போல் பூனை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். நெட்டையின் கண்ணில் மரியாதையான ஒரு குழப்பம். "சொல்லுங்க. நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"இதேதான். உங்க கூடத்தான். இந்தப் பெஞ்சு."

"இந்தப் பெஞ்சா?" சிரிப்புக்காரி எட்டிப் பார்த்தாள். "இங்க யாரும் இல்லையே! அந்த ஓரத்துல நாங்க பை வைப்போம்."

"ஆமா, வைப்பீங்க. நான் எடுத்து மடியில வச்சுக்குவேன். மணி அடிச்சதும் திரும்ப அங்கேயே வச்சிடுவேன்."

நெட்டை தன் பையைப் பார்த்தாள். பையிலிருந்து மடியைப் பார்த்தாள். மடியிலிருந்து மெதுவாக முகத்துக்கு வந்தாள். "நான் இத்தனை நாளும் பெஞ்சுலதான் இருக்குன்னு நெனச்சேன்."

"பெஞ்சுல இடம் இல்லையே. நான் இருக்கேன்ல."

சிரிப்புக்காரி களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும். "என்னடி இது, உன் பைக்கு ஆளு வச்சிருக்கே, எனக்குத் தெரியாம!"

பூனை விஷயத்தைச் சொன்னாள். கரண்டு இல்லாத மிஷின், உதவித்தொகை, பாக்கிங் வேலை, மத்தியானத்துக்குள் ரெண்டு பேர். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். கேட்டு முடித்ததும் நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. உங்களைப் பாத்தா பொய் சொல்றவங்க மாதிரி இல்ல. ஆனா நாங்க பாத்ததா எங்களுக்கு ஞாபகமே இல்லையே. போன மாசம் இப்படித்தான் ஒருத்திக்காகப் பொய்யாப் போய்ச் சொன்ன பொண்ணுக்கும் சேர்த்து உதவியை நிறுத்திட்டாங்க. எனக்கும் அந்தப் பணம்தான்."

"நான் இருந்தேன்னு தெரிஞ்சா சொல்வீங்களா?"

"தெரிஞ்சா சொல்லலாம். எப்படித் தெரியும்?"

பூனை ஜன்னலைப் பார்த்தாள். தான் இங்கே இருந்ததற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி இவர்கள் பேச்சுதான்.

"உங்க அப்பா வீட்டுக்குள்ளயே நடக்கறதுக்கு ஒரு மிஷின் வாங்கினாரு" என்று ஆரம்பித்தாள். "வாங்கின அன்னைக்கு அது மேல ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாரு. அதோட சரி. உங்க அம்மா அதுல ஈரத் துணியைப் போட ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் அப்பா திட்டப் போக, அம்மா சொன்னாங்க..."

இங்கே பூனையின் குரல் மாறியது. முதுகு நிமிர்ந்தது. இடுப்பில் கை போனது. "'நடக்க வாங்கினதுல துணி காயுது. துணி காய வேண்டிய வெயில்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு நீங்க காயறீங்க. இந்த வீட்டுல எதுதான்யா அது அது வேலையைச் செய்யுது?'"

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா! ஏய், அப்படியே எங்க அம்மாடி! இதை நான் எப்பச் சொன்னேன்?"

"மழை பெஞ்ச அன்னைக்கு. நீங்க குடையை என் கால்மேல விரிச்சு வச்சிருந்தீங்க."

"ஐயோ!"

"இன்னொண்ணு, இன்னொண்ணு சொல்லு" என்றாள் சிரிப்புக்காரி. 'சொல்லுங்க' போய் 'சொல்லு' வந்ததைப் பூனையின் காது உடனே பிடித்துக்கொண்டது.

"நம்ம சார் மைக்கைப் பிடிக்கறது ஐஸ்க்ரீமைப் பிடிக்கற மாதிரி இருக்கு, உருகி ஒழுகறதுக்குள்ள பாடத்தை முடிச்சிடணும்னு ஓடறாருன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு இவங்க, அப்ப நம்மளை எல்லாம் பாத்தா அவருக்கு எறும்பு மாதிரித் தெரியும்னாங்க."

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். முன்பெஞ்சு திரும்பிப் பார்த்தது. பூனைக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. தான் வாய் திறந்து இரண்டு பேர் சிரிப்பது, அவளுக்கு இதுவே முதல் தடவை. ரொட்டி வேன் கதைக்கு மாமா சிரித்தான்தான். அது அவள் சொன்ன கதை இல்லை.

"சரி, நான் மட்டும் தனியா இருந்தப்ப என்ன பேசினேன்? அதைச் சொல்லு பாக்கலாம்" என்று கண்ணைச் சிமிட்டினாள் சிரிப்புக்காரி.

யோசித்திருந்தால் பூனை நிறுத்தியிருப்பாள். சந்தோஷத்தில் நாக்கு தானாக ஓடியது. "இவங்க வராத அன்னைக்கு, நீங்க சுவர்ப் பக்கமாத் திரும்பி, போன்ல யார்கிட்டயோ... 'இன்னைக்கு அவ வரலை. அப்பாடா, இப்பத்தான்—'"

சிரிப்புக்காரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

மீதி வார்த்தைகளைப் பூனை சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அவை அவளுக்குத் தெரியும், ஒரு எழுத்து பிசகாமல். இப்பத்தான் மூச்சே விடறேன். பாவமேன்னு கூடச் சேர்த்தேன், உண்ணி மாதிரி ஒட்டிக்கிட்டா. அதைக் கேட்ட அன்று மாலை வீட்டுக்குப் போய் அக்காவிடம், இன்றைக்கு நெட்டை வரவில்லை, சிரிப்புக்காரி அவளைத் தேடிக்கொண்டே இருந்தாள் என்று சொல்லியிருந்தாள்.

"யாரு வரலை? எதுக்கு அப்பாடா?" நெட்டை இன்னும் பழைய சிரிப்பிலேயே இருந்தாள்.

"லைப்ரரி அம்மா" என்றாள் பூனை. "புத்தகம் திருப்பித் தரலைன்னு இவங்களைத் தேடிட்டிருந்தாங்கல்ல. அவங்க வரலைன்னு."

"ஓ, அந்தம்மாவா! அவங்க வரலைன்னா எனக்கும் அப்பாடாதான்."

சிரிப்புக்காரி சட்டென்று எழுந்தாள். "வாங்கடி, போலாம். ஆபீசுக்குத்தானே? இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

"சார் வந்துடுவாருடி."

"வரட்டும். வா."

எழுத்தர் கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்து மூன்று முகத்தையும் ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் இப்படித்தான் வர்றீங்க, தலையை ஆட்டறீங்க. நீங்க பாத்தீங்கன்னு நான் எதை வச்சு நம்பறது? இந்தப் பொண்ணு வகுப்புல என்ன செய்வா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"எங்க பையை மடியில வச்சுப் பிடிச்சுக்குவா சார்" என்றாள் சிரிப்புக்காரி, யோசிக்கவே யோசிக்காமல்.

"தினமுமா?"

"தினமும். பெஞ்சுல இடம் இருக்காது. நாங்க மூணு பேரும் ஒண்ணாத்தான் உக்காருவோம். இவ எங்க ஃப்ரெண்டு சார்."

"மழை பெஞ்ச அன்னைக்கு என் குடைத் தண்ணி எல்லாம் இவ கால்லதான் சார்" என்று சேர்த்துக்கொண்டாள் நெட்டை.

பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சொன்னது எல்லாம் உண்மை. எழுத்தருக்குத் திருப்தி. ஏதோ தட்டினார், எதையோ அழுத்தினார். "போம்மா, ஏத்திட்டேன். நாளையிலேருந்து மணி அடிச்சப்புறம் அட்டையை வை. கீங்னு கேட்டப்புறம் உள்ள போ. கேக்கலைன்னா சத்தம் போடு. வாய் இருக்குல்ல?"

பூனை தலையாட்டினாள். எழுத்தர் பேச்சு காதில் விழுந்தது, மனசு அதில் இல்லை. இவ எங்க ஃப்ரெண்டு சார். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள், யார் குரலில் வந்ததோ அதே குரலில்.

தாழ்வாரத்தில் நெட்டை, "நாளைக்கும் எங்க அம்மா மாதிரிப் பேசிக் காட்டணும், சரியா?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். சிரிப்புக்காரி நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எத்தனை நாளாக் கேட்டுட்டிருக்கீங்க?"

மறுபடி 'ங்க' வந்துவிட்டது.

"முதல் நாள்லேருந்து."

"எல்லாமேவா?"

"எல்லாமே" என்றாள் பூனை. அதை ஒரு பரிசைப் போலத்தான் சொன்னாள். ஒருவர் பேசியதை எல்லாம் இன்னொருவர் சிந்தாமல் சிதறாமல் எடுத்து வைத்திருப்பது சின்ன விஷயமா? அவளுடைய ஒரு வார்த்தையையாவது யாராவது அப்படி வைத்திருக்கிறார்களா?

சிரிப்புக்காரி பின்னால் ஓரடி வைத்தாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன். இன்னைக்குக்கூட மாத்திச் சொன்னேனே."

"ஆமா. அவ்வளவு சுலபமா மாத்திச் சொன்னீங்க" என்றாள் அவள். "அதான் பயமா இருக்கு."

தண்ணீர் குடித்துவிட்டு நெட்டை திரும்பி வந்ததும் சிரிப்புக்காரி அவள் தோளில் கையைப் போட்டு வேகமாக நடத்திக்கொண்டு போனாள். பூனைக்கு அவர்கள் நடைக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார்கள். கூப்பிடவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டில் கொண்டாட்டம். விஷயம் தெரியாமலேயே மாமாவும் அதில் கலந்துகொண்டான். "என்னடி, இன்னைக்கு உங்க அக்கா என்னைத் திட்டவே இல்ல. உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?" என்றான். அக்கா இஸ்திரித் துணிகளை மடித்துக்கொண்டே பூனையைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"சொல்லு. ரெண்டு பேரும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"நான்தான் சொன்னேன்ல! என்ன பேசினாங்க? சிரிப்புக்காரி ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிருப்பாளே?"

"ஒண்ணும் பேசலைக்கா. சொன்னாங்க, போயிட்டாங்க."

"அவ்வளவுதானா? வேற கதையே இல்லையா இன்னைக்கு?"

"இல்லக்கா."

அக்கா அவள் முகத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ரொட்டி வேன் இறக்கிவிட்டதும் பூனை உள்ளே போகவில்லை. மரத்தடியில் நின்றாள். ஆட்கள் வந்தார்கள், நிறைந்தார்கள். முதல் மணி அடித்ததும் வரிசையில் தானும் போய் நின்று அட்டையை நீட்டினாள். கீங். பச்சை விளக்கு. உடம்பே ஒரு தரம் தூக்கிப்போட்டது. பின்னால் நின்றவன், "என்ன, ஷாக் அடிச்சிடுச்சா? நகருங்க" என்றான்.

உள்ளே அவள் பெஞ்சு காலியாக இருந்தது. நெட்டையும் சிரிப்புக்காரியும் நடுவரிசையில் வேறொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால் இருவரும் ஒடுங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. பூனை தன் ஜன்னலோரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். முன்பெஞ்சில் ஏதோ கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதோடு வாயை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். அது மட்டும் பூனைக்குக் கேட்டது. அவள் காது அப்படி.

"இவதான். எல்லாத்தையும் கேட்டு வச்சுக்குவாளாம்."

ஒரே நாளில் கூடத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. யாரும் இனி அவளைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தலைகள் திரும்பின, பார்த்தன, மறுபடி திரும்பிக்கொண்டன. அவளைச் சுற்றி ஒரு பெஞ்சு அகலத்துக்குப் பேச்சு வற்றிப்போய்க் கிடந்தது. பாக்கிங் கூடத்துப் பஞ்சை யாரோ இங்கேயே கொண்டுவந்து அவள் காதில் வைத்தாற்போல் இருந்தது.

மடியில் என்ன செய்வதென்று கைகளுக்குத் தெரியவில்லை. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, விட்டன, பெஞ்சின் விளிம்பைத் தடவின.

நடுவரிசையில் நெட்டை தன் பையை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இடமில்லை. காலடியில் வைத்துப் பார்த்தாள். தரையில் யாரோ கொட்டிய தண்ணீர். தூக்கி முதுகுக்குப் பின்னால் திணித்தாள், அது சரிந்து விழுந்தது. சிரிப்புக்காரி பார்க்காதவள் போலப் புத்தகத்தைப் புரட்டினாள். நெட்டை மட்டும் ஒரு கணம் தலையைத் திருப்பி ஜன்னலோரத்தைப் பார்த்தாள்.

வாத்தியார் மேடையில் ஏறி மைக்கைக் கையில் எடுத்தார். கூடம் அடங்கியது. அந்த அமைதியில் பூனை எழுந்து நின்றாள். நிற்க வேண்டும் என்று அவள் நினைக்கவேயில்லை, கால்கள் எழுந்துவிட்டன. எழுத்தர் சொன்ன மாதிரி, எல்லாருக்கும் கேட்கும்படி, சொந்தக் குரலில் சத்தம் போட்டாள்.

"பையை ஈரத்துல வைக்காதீங்கடி. இங்க குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்."